கேப்டன் விதர்பி கேட்ட பாலம்

சட்டசபையில் மூன்று நாளாகப் பன்றிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் அவிழ்த்துவிடும் பன்றியின் கழுத்தில் கட்டை மாட்ட வேண்டுமா, மூக்கில் வளையம் போட்டால் போதுமா என்பதுதான் பிரச்சினை. முதல் நாள் கட்டை என்று முடிவாயிற்று. இரண்டாம் நாள் அது புரண்டு வளையம் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் தெற்கு மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் நிதானமாக எழுந்து, குட்டி எந்த வயதில் பன்றியாகிறது என்பதைச் சபை முதலில் தீர்மானிக்க வேண்டாமா என்று கேட்டார். வேண்டும்தான் என்று நாற்பது பேர் தலையாட்டினார்கள்.

கேப்டன் ஆசகேல் விதர்பி கடைசி பெஞ்சில் இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தொடையில், இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நடந்த சரடோகா சண்டையில் பட்ட குண்டின் ஒரு துண்டு இன்னும் உள்ளேயே இருந்தது. சட்டசபைக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றும். அந்த வருஷம் கிடைத்தது அடுப்பே இல்லாத ஒரு தேவாலயம். அக்டோபர் குளிரில் கால் மரத்துப்போயிருந்தது. கோட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு மனு. மொத்தம் ஆறே வரி. லூன் ஆற்றின் மேல், ஆல்டர்பரி ஊருக்கும் ஹீத்ஃபீல்ட் ஊருக்கும் நடுவே, ஒரு மரப்பாலம் வேண்டும். அவ்வளவுதான். ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும், சாயங்காலம் குதிரையேறி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்து வந்தவர் அவர்.

அவர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டும் வரவில்லை. செப்டம்பரில் ஊர்க்கூட்டம் நடந்தபோது அவர் சதுப்பில் காணாமல்போன பசுவைத் தேடிக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேற்றோடு கூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"எதுக்குய்யா கை தட்டறீங்க?"

"உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம், கேப்டன்."

"எதுக்கு?"

"சட்டசபைக்கு."

"நான் கேக்கவே இல்லையே!"

"அதனாலதான்" என்றார் கூட்டத்தை நடத்திய கொல்லர். "கேட்ட நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டதுல நேரம் போயிடுச்சு. பசு கிடைச்சுதா?"

பசு கிடைக்கவில்லை. அந்த எரிச்சலிலேயே சரி என்று சொல்லிவிட்டார்.

ஆனால் பாலம் என்ற எண்ணம் அவருடையது. அதை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. மாவு அரைக்கும் ஆலை ஹீத்ஃபீல்ட் பக்கம் இருந்தது. போதகரும் அந்தப் பக்கம்தான். கோடையில் ஓடத்தில் போகலாம். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் சறுக்குவண்டியில் போகலாம். மார்ச் முடிந்து பனி உடையும்போதுதான் கஷ்டம். மூன்று நாலு வாரத்துக்கு ஓடமும் ஓடாது, பனியும் தாங்காது. விதர்பியின் மூத்த மகள் கல்யாணம் அப்படி ஒரு வாரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. போதகர் அந்தக் கரையில் நின்று கத்த, மாப்பிள்ளையும் பெண்ணும் இந்தக் கரையில் நின்று கத்த, காற்று பாதி வார்த்தையை அள்ளிக்கொண்டு போயிற்று. "சம்மதம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை "என்ன?" என்று மூன்று தடவை கேட்டான். ஊரே சிரித்தது. விதர்பியும் சிரித்தார்.

அடுத்த மார்ச்சில் யாரும் சிரிக்கவில்லை. ஈபன் ஸ்லோன் மாவு மூட்டைகளோடு ஆலையிலிருந்து திரும்பும்போது நடு ஆற்றில் பனி பிளந்தது. குதிரை, வண்டி, ஆள், எல்லாமே கரையில் நின்ற இருபது பேர் கண்முன்னால் உள்ளே போயின. யாரும் நெருங்க முடியவில்லை. மாவு மட்டும் தண்ணீர்மேல் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் மிதந்தது. ஈபன், விதர்பியின் படைப்பிரிவில் ஆறு வருஷம் இருந்தவன். ஒரு குண்டுகூடப் படாமல் வீடு திரும்பியவன்.

"ஒரு படையையே ஆத்தைத் தாண்ட வெச்சேன். நாலு மூட்டை மாவைத் தாண்ட வைக்க முடியல" என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னார்.

அவர் மனைவியின் பெயர் சப்மிட். அடங்கி நட என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்ததோடு அவள் பெற்றோரின் அதிகாரம் முடிந்துபோயிற்று.

"அப்ப புலம்பாம பாலத்தைக் கட்டுங்க" என்றாள்.

சட்டசபை முதல் வருஷம் மனுவை மூன்று பேர் குழுவுக்கு அனுப்பியது. குழுவில் ஒருவருக்கு அம்மை போட்டது, ஒருவர் ஆப்பிள் பறிக்க ஊருக்குப் போய்விட்டார், மூன்றாமவர் தனியாளாகக் குழு கூடுவது முறையில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாம் வருஷம் மனுவைக் காணவில்லை. தேடித் தேடி, எழுத்தர் வாங்கிய பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த காகிதமாகக் கிடைத்தது. மூன்றாம் வருஷம் சபை தெற்குக் கோடியில் கூடியது. லூன் ஆறு நம் மாநிலத்திலேயே இல்லை, பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சந்தேகம் தீர ஒரு அளவையாளரை அனுப்பினார்கள். அவர் ஆகஸ்ட் மாதக் கடைசியில், தண்ணீர் கணுக்காலளவு ஓடும்போது வந்து சேர்ந்தார். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே ஆற்றைத் தாண்டினார். ஆறு என்று சொல்லும்படி எதையும் தான் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மார்ச்சுல வாய்யா! மார்ச்சுல வந்து அந்தப் பூட்ஸைக் கழட்டுய்யா!" என்று விதர்பி சபையில் கத்தியதற்காக அவரைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். அது மட்டும் ஐந்து நிமிஷத்தில் நிறைவேறியது.

பட்டாளத்திலும் இதே கூத்துதான். குளிர்கால முகாமில் ஆயிரம் ஜோடி காலணி வருகிறது என்றார்கள். வந்து பார்த்தால் அத்தனையும் இடது காலுக்கு. ஆனால் அப்போது திட்டுவதற்கு ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவை ஒழித்துவிட்டால், நாமே உட்கார்ந்து நமக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்று விதர்பி உண்மையாகவே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் பனியில் வெறுங்காலோடு நடந்தார். இப்போது நாமேதான் உட்கார்ந்திருக்கிறோம், யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நாலாம் வருஷம் ஜேபஸ் டகெட் வந்து சேர்ந்தான்.

ஜேபஸ்தான் லூன் ஆற்றின் ஓடக்காரன். பட்டாளத்தில் விதர்பியின் சார்ஜண்ட். சரடோகாவில் அவர் தொடையில் குண்டு பட்டு விழுந்தபோது முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் ஓடிய ஆற்றைத் தாண்டி அரை மைல் சுமந்தவன். சுமந்த நேரம் முழுக்க வாய் ஓயவில்லை. கேப்டன் அப்படி என்னதான் தின்கிறார், நமக்கெல்லாம் கிடைக்காத கறி அவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தான். பாலம் வந்தால் அவன் ஓடம் விறகுக்குத்தான் ஆகும். அதனால் ஹீத்ஃபீல்ட் ஊர்க்கூட்டத்தில் நின்று, ஜெயித்து, பாலத்தை எதிர்ப்பதற்கென்றே சட்டசபைக்கு வந்தான்.

தங்கப் போன இடத்தில் விடுதிக்காரர் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஆத்தங்கரைதானே? ஒரே கட்டிலை எடுத்துக்கங்க."

ஜேபஸ் போர்வை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவன். காலையில் எழுந்ததும் கேப்டனுடைய கால் வலிக்குத் தானே சுடுதண்ணீர் கேட்டு வாங்கி வருவான். சவரக்கத்தியைத் தீட்டிக் கொடுப்பான். பிறகு இருவரும் சேர்ந்தே சபைக்கு நடந்து போவார்கள். அங்கே போய் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்று ஜேபஸ் எழுந்தான்.

"ஐயாமாரே, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசவும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன். சரடோகாவுல இந்தக் கேப்டன் ஒரு ஆத்தைத் தாண்டினாரு. என் முதுகுல உக்காந்து தாண்டினாரு. அன்னைக்கு அவரு பாலம் கேக்கல."

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. தலைவர் மேஜையைத் தட்டத் தட்ட அவரும் சிரித்தார். மனு தோற்றது.

வெளியே வந்ததும் விதர்பி அவன் கோட்டைப் பிடித்து நிறுத்தினார். "ஈபன் செத்தப்ப நீயும் கரையிலதானே நின்னே?"

ஜேபஸின் முகம் மாறிற்று. "நின்னேன்."

"அப்புறம் எப்படிடா இதைப் பேச மனசு வந்துது?"

"எனக்கு அஞ்சு புள்ளைங்க, கேப்டன். நிலம்னு பாத்தா பாறைதான் இருக்கு. ஓடம் போச்சுன்னா நான் என்ன, பாறையை வேக வெச்சுத் திங்கறதா? அதையும் சபையில கேளுங்க. யாராச்சும் பதில் சொன்னா நானே பாலத்துக்குக் கை தூக்கறேன்."

விதர்பி அவன் கோட்டை விட்டுவிட்டார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரே கட்டில், ஒரே சண்டை.

ஏழாம் வருஷம் லைமன் ஸ்டோட்டன் என்ற வக்கீல் தானாக வந்து கைகொடுத்தான். இருபத்தெட்டு வயது. நல்ல கோட்டு. போர் நடந்த வருஷங்களில் அவன் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்துக்கொண்டிருந்தான், அது அவன் குற்றம் இல்லை. ஆனாலும் விதர்பிக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே என்னவோ போல இருந்தது.

"ஆறு வரியில மனு எழுதினா யாரு மதிப்பாங்க, கேப்டன்?" என்றான் ஸ்டோட்டன். "முறையா மசோதாவா எழுதணும். எங்கிட்ட விடுங்க. என் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பாலத்தையே கட்டித் தர்றதா சொல்றாங்க. அரசாங்கத்துக்கு ஒரு செலவும் இல்ல. அறுபது ஓட்டு நான் சேத்துடறேன்."

சேர்த்தும் விட்டான். ஏழு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காத பாலத்தைப் பற்றி எல்லோரும் இனிமையாகப் பேச ஆரம்பித்தார்கள். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் ஊருக்குத் தகவல் போயிற்று. ஆல்டர்பரியில் தேவாலய மணியை அடித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

ஓட்டெடுப்பு அன்று காலை விடுதியில் ஆப்பிள் பணியாரமும் சைடர் என்ற சூடான ஆப்பிள் பானமும் வைத்துக்கொண்டு விதர்பி மசோதாவைப் படிக்க உட்கார்ந்தார். பதினெட்டுப் பக்கம். எதிரே ஜேபஸ் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தாலும் அவனுக்குப் பசி குறையவில்லை.

"இவ்வளவு பக்கத்தையுமா படிக்கப்போறீங்க? உங்களுக்கு வேண்டியதுதான் கிடைச்சுடுச்சே."

"கையெழுத்துப் போடற காகிதத்தைப் படிக்கணும்டா."

பதினோராம் பக்கத்தில் விதர்பியின் விரல் நின்றது. திரும்பப் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"மேற்படி பாலத்துக்கு மேலும் கீழும் நாலு மைல் தூரத்துக்குள், ஓடத்திலோ, தண்ணீரில் இறங்கியோ, பனிக்கட்டியின் மேல் நடந்தோ ஆற்றைக் கடக்கும் எவரும், பாலத்தில் கடந்ததாகவே கருதப்பட்டு, மேற்படி கம்பெனிக்கு உரிய சுங்கத்தை நாற்பது வருஷ காலத்துக்குச் செலுத்தக் கடமைப்பட்டவர்."

ஜேபஸ் மெல்லுவதை நிறுத்தினான். "பனி மேலயா?"

"பனி மேல."

"என் சொந்த ஓடத்துல நான் போனா?"

"குடுக்கணும்."

"நீச்சலடிச்சா?"

"தண்ணீரில் இறங்கியோன்னு போட்டிருக்கு."

"ஈபன் மாதிரி பாதியில முழுகிட்டா?"

விதர்பி காகிதத்தை மடித்தார். ஏழு வருஷம். எத்தனை பெஞ்ச், எத்தனை குழு. கடைசியில் பாலம் வந்தே விட்டது, வந்த லட்சணம் இது. வாயை மூடிக்கொண்டு கை தூக்கினால் அடுத்த வருஷம் பாலம் நிற்கும். ஊரில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். அந்தப் பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை, முதல் பனிக்காலத்தில் ஸ்டோட்டனின் ஆள் கரையில் வந்து கை நீட்டும்வரைக்கும்.

"என்ன செய்யப்போறீங்க, கேப்டன்?" ஜேபஸின் குரல் தணிந்திருந்தது.

"உன் மூஞ்சியில முழிச்சா எனக்கு எதுவுமே உருப்படாதுடா" என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சபையில் மசோதாவை முன்மொழியும்படி அவரைத்தான் அழைத்தார்கள். ஏழு வருஷம் கேட்டவர் என்ற மரியாதை. ஸ்டோட்டன் முன்வரிசையில் புன்னகையோடு திரும்பிப் பார்த்தான். விதர்பி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏழு வருஷமா இங்க வந்து பாலம் கேட்டேன். இன்னைக்குக் குடுக்கறேங்கறீங்க. எனக்கு வேணாம்."

சலசலப்பு எழுந்தது. யாரோ, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"பதினோராம் பக்கத்தை எத்தனை பேர் படிச்சீங்க? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"ஆண்டவன் உறைய வெக்கிற பனி. அது மேல நடந்து போற கிழவி ஸ்டோட்டனுக்குச் சுங்கம் கட்டணுமாம். நாற்பது வருஷத்துக்கு. ராஜா தேயிலைக்கு வரி போட்டான்னு நாம துப்பாக்கியைத் தூக்கினோம். அவனாவது தேயிலையைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்தான். இவரு பனிக்கட்டியை எங்கேர்ந்து கொண்டுவர்றாரு?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைவிடப் பெரிதாகப் பேச அவருக்குத் தெரியாது. எதிர்வரிசையில் ஜேபஸ் எழுந்தான். எல்லோரும் வேடிக்கையை எதிர்பார்த்துத் திரும்பினார்கள். "கேப்டன் சொல்றது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவனும் உட்கார்ந்தான். ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று என்ற கணக்கில் மசோதா விழுந்தது.

வாசலில் ஸ்டோட்டன் நின்றிருந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான். "நாலு மைலை ரெண்டு மைலாக்கித் தந்திருப்பேனே, கேப்டன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான். விதர்பி அவனை ஒதுக்கிக்கொண்டு நடந்தார்.

செய்தி அவருக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது, பாதிச் செய்தி. பாலம் கிடைத்தது, கேப்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் குதிரையை விட்டு இறங்கும்போதே சப்மிட் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு வருஷமா சாப்பிடும்போது பாலம், தூங்கும்போது பாலம். குடுத்தா வேணாமா? உங்களைக் கட்டிக்கிட்டு நான் எந்தப் பாலத்துல போய் நிக்க?"

அவர் பதினோராம் பக்கத்தைச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். கைகள் இடுப்பிலிருந்து இறங்கின.

"இதை ஊர்ல சொன்னீங்களா?"

"வழி முழுக்கச் சொன்னேன். எவன் கேக்கறான்? கொல்லர் என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நான் அவரு குதிரைக்குக் கடனுக்கு லாடம் கேக்கறேன்னு நினைச்சுக்கிட்டாரா என்னன்னு—"

"அவரு குதிரைக்கு இல்ல, உங்க குதிரைக்கு."

"ஆமா, என் குதிரைக்கு. இதுதானா இப்ப முக்கியம்?"

அடுத்த செப்டம்பரில் ஊர் அவரைத் தூக்கி எறிந்தது. நாற்பத்தொரு ஓட்டு மதுக்கடைக்காரருக்கு, ஒன்பது ஓட்டு அவருக்கு. ஜேபஸும் அந்த வருஷம் நிற்கவில்லை. விதர்பி பெரிதாக வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேலி அடைத்தார், விறகு பிளந்தார், பசுவைத் திட்டினார். ஆனால் ஆற்றுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஆலைக்கு மூட்டை அனுப்புவதற்குக்கூட வேறு ஆளைத் தேடினார்.

ஜனவரியில் ஒருநாள் மத்தியானம், உறைந்த ஆற்றின் மேல் நடந்து ஜேபஸ் வந்தான். கையில் ஒரு நீளக் கழி. கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சப்மிட் கொடுத்த அவரையையும் உப்புக்கறியையும் நிதானமாகத் தின்று முடித்தான். பிறகு சொன்னான்.

"ஓடத்துறையிலேர்ந்து மேல, ஆறு திரும்பற இடத்துல, தண்ணிக்கடியில பாறை இருக்கு. கிட்டத்தட்ட நடு ஆறு வரைக்கும் ஒரே பாறை. அந்தப் பக்கம் இன்னொண்ணு. நடுவுல இருபத்தெட்டு அடிதான் இடைவெளி. பாலம்னு ஒண்ணு கட்டினா அங்கதான் கட்டணும். மத்த இடமெல்லாம் சேறு, பனி உடையும்போது அடிச்சிட்டுப் போயிடும்."

விதர்பி புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "இது உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பன்னண்டு வருஷமா. தினம் கழி ஊன்றவனுக்குத் தெரியாதா?"

"ஏழு வருஷம்! அதுல நாலு வருஷம் ஒரே கட்டில்ல படுத்திருந்தியேடா பாவி, ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா? சட்டசபையைத்தானே கேட்டீங்க."

சப்மிட் வாயைப் பொத்திக்கொண்டு சமையல் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மட்டும் ஏன் சொல்றே?"

ஜேபஸ் வலது கையைத் தூக்கிக் காட்டினான். தோளுக்கு மேல் அது எழவில்லை. "இது போயிடுச்சு. இன்னும் ரெண்டு கோடை ஓட்டினா அதிகம். அந்த வக்கீல் திரும்பி வருவான், கேப்டன். இன்னொரு கோட்டுப் போட்டுக்கிட்டு வருவான். அவன் வர்றப்ப இங்க நம்ம பாலம் நின்னுட்டிருந்தா, அவனுக்கு இங்க என்ன வேலை?" தட்டை ஓரமாகத் தள்ளினான். "எங்க பக்கத்துப் பாலத்தடியில என் பொண்டாட்டி சைடரும் ஆப்பிள் பணியாரமும் விப்பா. வேற யாரும் கடை போடக்கூடாது. இது ஒண்ணுதான் என் கோரிக்கை."

அடுத்த வாரமே விதர்பி ஜேபஸோடு வீடு வீடாகப் போனார். பதினோராம் பக்கத்தைப் பற்றி அவர் சொன்னபோது நம்பாதவர்கள், பாலத்தால் நஷ்டப்படப்போகிற ஓடக்காரனே சொன்னபோது நம்பினார்கள். இது விதர்பியை இன்னும் எரிச்சலாக்கியது. இருவரும் சொன்னது ஒரே விஷயம்தானே!

ஒவ்வொரு ஊரிலும் ஆம்பளைகள் வருஷத்தில் சில நாள் சாலை வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். அந்த நாட்களை இரண்டு ஊரும் பாலத்துக்குத் தர ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்ட கையோடு மார்ச் ஊர்க்கூட்டத்தில், பாலத்தை எப்படிக் கட்டுவது என்று ஆராய ஏழு பேர் குழு போடலாம் என்று மதுக்கடைக்காரர் எழுந்தார். விதர்பி தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். குழுவுக்கு யார் தலைவர் என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கூட்டத்தில் பேசப் பெண்களுக்கு உரிமை இல்லை. சாப்பாட்டுப் பானைகளோடு வாசலில் காத்திருந்த சப்மிட் உள்ளே வரவுமில்லை. அங்கிருந்தே சொன்னாள்:

"பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவரைக்கொட்டைப் பானை வண்டியிலயே இருக்கும். குழு போடறதா இருந்தா குழுவோட வீட்டுலயே எல்லாரும் போய்ச் சாப்பிட்டுக்கங்க."

பானையின் வாசனை உள்ளேவரை வந்தது. குழு கைவிடப்பட்டது.

பனி உடைந்து தண்ணீர் இறங்கியதும் வேலை தொடங்கியது. பாறை ஜேபஸ் சொன்ன இடத்தில், சொன்ன அகலத்தில் இருந்தது. காளைகள் ஹெம்லாக் மரங்களை இழுத்து வந்தன. விதர்பி ஜூன் மாதத்து ஐஸ் தண்ணீரில் இடுப்பளவு நின்றார், அந்தக் காலோடு. வெளியே வா என்று எத்தனை பேர் சொல்லியும் வரவில்லை. ஆல்டர்பரிக்காரர்கள் தங்கள் கரையிலிருந்து கட்டினார்கள், ஹீத்ஃபீல்டுக்காரர்கள் தங்கள் கரையிலிருந்து. ஒருவர் அளவுகோலை மற்றவர் தொடமாட்டேன் என்றார். ஆகஸ்ட் மாதம் இரண்டு பாதியும் நடு ஆற்றில் வந்து சேர்ந்தபோது ஹீத்ஃபீல்ட் பாதி ஒரு சாண் உயரமாக இருந்தது.

"உங்க பக்கத்தை ஏத்துங்க" என்றான் ஜேபஸ் அந்த முனையிலிருந்து.

"உங்க பக்கத்தை இறக்குடா!" என்று விதர்பி இந்த முனையிலிருந்து கத்தினார்.

மூன்று நாள் வேலை நின்றது. இரண்டு ஊரும் தங்கள் தங்கள் அளவுகோல்தான் சரி என்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் கொல்லர், யாரிடமும் கேட்காமல், நடுவில் சாய்வாக நாலு பலகையை அடித்துவிட்டுப் போனார். இரண்டு ஊரும் அவரைத் திட்டின. பலகை அப்படியே நின்றது.

அக்டோபர் முதல் வாரம் கைப்பிடி போட்டு முடித்தார்கள். மணி அடிக்க வேண்டும், போதகர் ஜெபிக்க வேண்டும், கேப்டன் முதலில் நடக்க வேண்டும் என்றெல்லாம் வியாழக்கிழமைக்கு ஏற்பாடு இருந்தது. புதன்கிழமை காலையிலேயே வடக்கிலிருந்து யாரோ ஒருவன் இருநூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல் பாலத்தில் ஏற்றிவிட்டான். நடுச்சாய்வில் ஆடுகள் தயங்கி முட்டிக்கொண்டன.

"எவன்யா இந்தப் பாலத்தைக் கட்டினவன்?" என்று அவன் கத்தினான். "நடுவுல எதுக்கு மேடு? கண்ணு தெரியாதவனா?"

கைப்பிடிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த விதர்பி நிமிர்ந்தார். ஏழு வருஷத்துச் சபைகளில் சேர்ந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைவரை வந்தன. "நாந்தான்யா கட்டினேன்! பிடிக்கலைன்னா நீந்திப் போ!" என்றார்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். எதிர்க்கரையில் ஜேபஸின் மனைவி அவனுக்கு ஒரு குவளை சைடர் விற்றாள்.

ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே விதர்பி பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினார். கீழே தண்ணீர் பாறையில் அடித்துக்கொண்டு ஓடியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சப்மிட், கையில் கூடையோடு. அவள் தங்கை ஹீத்ஃபீல்டில் இருந்தாள். ஓடத்துக்கும் பனிக்கும் பயந்து சப்மிட் அங்கே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் சந்தைக்குப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று வந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? நாளைக்குத்தானே விழா?"

"விழாவுக்கு நாளைக்கு வரேன். தங்கச்சிக்கு இன்னைக்கே ஆப்பிள் குடுக்கணும், அழுகுது."

அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் ஆற்றைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏதாவது சொல்லக் கூடாதா?"

"என்ன சொல்லணும்?"

"பாலம்!"

"ஆமா, பாலம். காலை மடக்குங்க, வழியை மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் காலை மடக்கினார். அவள் தாண்டிப்போனாள். நடுச்சாய்வில் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஜேபஸின் மனைவியிடம் ஏதோ பேச நின்றாள். இரண்டு பேரும் அவரைக் காட்டிச் சிரிப்பது போலத் தெரிந்தது. விதர்பி எண்ணெய்க் குவளையைத் தேடினார். அதை ஆடுகள் எப்போதோ கவிழ்த்துவிட்டிருந்தன.